நின்றால் சூடாகிறது, ஓடினால் தணிகிறது: ரேடியேட்டர் ஃபேன் சுற்றியும் பயனில்லை

குளச்சல்கரை
வணக்கம். பத்து ஆண்டுகளைத் தாண்டிய சிறிய பெட்ரோல் கார். வீடு குளச்சலில், கடலுக்குக் கூப்பிடு தூரம். வேலை நாகர்கோவிலில். திங்கள்சந்தை வழியாகத் தடையில்லாமல் ஓடும்போது வெப்பமானி முள் பாதிக்குக் கீழே அசையாமல் நிற்கும். வடசேரி பேருந்து நிலையப் பக்கம் நெரிசலில் மாட்டினால் மெல்ல ஏறத் தொடங்கும். போன வாரம் மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே சந்தைப் பக்கம் போய்ச் சிக்கிக்கொண்டேன். முள் சிவப்புக் கோட்டுக்கு அருகில் போய்விட்டது. அந்த நேரத்தில் ஏ.சி.யும் வெறும் காற்றைத்தான் தந்தது. நெரிசல் விட்டு பம்மம் தாண்டியதும் இரண்டும் தாமாகவே சரியாகிவிட்டன.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஃபேன் மோட்டார் தளர்ந்துவிட்டது, முழு செட்டாக மாற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தால் ஃபேன் சுற்றத்தான் செய்கிறது. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு சரியாக இருக்கிறது, ஒழுகல் எங்கும் இல்லை. சுற்றுகிற ஃபேனை எதற்காக மாற்ற வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களியக்காவிளை டாக்சி
முதலில் ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் எந்த ஃபேன் போட்டாலும் பயன் இல்லை. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷ் குழாயை நெருக்கிப் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், கவனம்.

முப்பந்தல் காற்று
இதற்கெல்லாம் இவ்வளவு யோசனை எதற்கு? தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஃபேனுக்கு டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையே இல்லை. என் பழைய வண்டி இப்படித்தான் பல வருடம் ஓடியது.

தக்கலை பழைய பட்டறை
முப்பந்தல் தம்பி, அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிக்குச் சொன்ன வைத்தியத்தை இதற்கும் சொல்லாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைச் சூட்டுக்கேற்ப விடும் வால்வு. அதை 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும்படி வைத்திருப்பது எஞ்சினைச் சூடாக்குவதற்காக அல்ல, ஒரே சூட்டில் நிறுத்துவதற்காக. அதைக் கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி இன்னும் குளிராக இருப்பதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவந்து, இருந்ததைவிட அதிகமாகச் சூடாகும். அப்படிக் கழற்றிவிட்டு என்னிடம் வந்த வண்டிகள் ஒன்றிரண்டல்ல.

குளச்சல் தம்பி, நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது காற்று தானாக வந்து மோதுகிறது; நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். நின்றால் மட்டும் சூடு, அதோடு நின்றால் மட்டும் ஏ.சி. குளிராது என்றால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். வேகமாகப் போகும்போதும் முள் ஏறியிருந்தால் ரேடியேட்டர் உள்ளடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேடச் சொல்லியிருப்பேன்.

சுற்றுகிறது என்று மட்டும் சொல்கிறீர்களே, எந்த வேகத்தில் சுற்றுகிறது?

குளச்சல்கரை
அண்ணாச்சி, வேகத்தை எப்படிச் சொல்வது? இறக்கைகள் தனித்தனியாகத் தெரியவில்லை, ஆனால் பெரிய இரைச்சலும் இல்லை. முன்பெல்லாம் வீட்டு வாசலில் நிறுத்தினால் ஃபேன் இரைவது உள்ளே வரை கேட்கும். இப்போது அந்தச் சத்தம் இல்லை என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது.

இன்னொன்று. திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது முப்பந்தல் அருகே தேநீர்க் கடையில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன். அங்கே முள் ஏறவே இல்லை. அதனால்தான் எனக்குக் குழப்பம்.

தக்கலை பழைய பட்டறை
குழப்பம் எதற்கு? திருநெல்வேலியிலிருந்து வரும் வண்டியின் முகம் மேற்கே இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் இந்தப் பருவத்தில் மேற்கிலிருந்துதான் வருகிறது. காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் ரேடியேட்டரையும் குளிர்வித்துவிட்டது. ஃபேன் செய்யாத வேலையை அந்தக் காற்று செய்திருக்கிறது. சந்தேகம் உறுதியாகிவிட்டது.

ஒரு சோதனை. ஏ.சி.யைப் போட்டு, ஃபேன் ஓடும்போது ஒரு முழுச் செய்தித்தாளை கிரில்லின் முன்னால் பிடியுங்கள். தாள் இழுபட்டு ஒட்டிக்கொண்டு, கையை எடுத்தாலும் நிற்க வேண்டும். விழுந்தால் ஃபேன் சுற்றினாலும் காற்றை இழுக்கவில்லை. தாள் உங்களை நோக்கித் தள்ளப்பட்டால் யாரோ மோட்டார் வயர்களை மாற்றிக் கொடுத்து ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கோணம் டீச்சர்
ஆட்டோ எலக்ட்ரிக்கல் பாடம் நடத்துகிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் பழுது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்த்தீர்களா? மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றுங்கள். தடிமனான இரண்டு வயர்களை எடுத்து, பிளஸ் வயரில் 30 ஆம்பியர் பியூஸ் ஒன்றை வைத்து, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றினால் மோட்டார் நல்லது. சோம்பலாகச் சுற்றினாலோ, கம்பால் தட்டினால் மட்டும் கிளம்பினாலோ மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் தேய்ந்துவிட்டது அல்லது அச்சைத் தாங்கும் புஷ் இறுகிவிட்டது. இந்த ஒரு சோதனை வேலையை இரண்டாகப் பிரித்துவிடும். அதைச் செய்யாமல் செட்டை மாற்றச் சொல்வது எனக்கு ஒப்பாது.

மோட்டார் நல்லது என்றால் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வழியைப் பார்க்க வேண்டும். பேட்டரி, பெரிய பியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), சாக்கெட், மோட்டார், அங்கிருந்து பாடியில் எர்த் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு). இது ஒரு பாதை. ரிலேயை இயக்கும் உத்தரவு தனிப் பாதை. கூலன்ட் வெப்ப சென்சார் கணினிக்குச் சொல்லும், 95 முதல் 100 டிகிரி வாக்கில் கணினி ரிலேயை இழுக்கும். ஏ.சி. போட்டாலும் இழுக்கும். உங்கள் வண்டியில் ஃபேன் எப்படியோ சுற்றுகிறது என்பதால் உத்தரவு வருகிறது. ஆகவே சென்சாரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஃபேன் அறவே சுற்றாதவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன். ஏ.சி. போட்டால் சுற்றுகிறது, சூடானால் மட்டும் சுற்றவில்லை என்றால் சந்தேகம் சென்சார் மேல். எஞ்சின் ஓடும்போது சென்சார் சாக்கெட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் கணினி பயந்துபோய் ஃபேனைப் போட்டுவிடும். போட்டால் வயரும் ரிலேயும் மோட்டாரும் நன்றாக இருக்கின்றன. சென்சாரை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலும் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்டும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கும். பழைய வண்டிகளில் ரேடியேட்டரிலேயே இரண்டு வயர் சுவிட்ச் இருக்கும். அந்த இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் சாவி போட்டவுடன் ஃபேன் சுற்ற வேண்டும். ரிலேயைச் சோதிக்க அதே எண் போட்ட ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்த்தாலே போதும்.

எச்சரிக்கை: பானெட் திறந்திருக்கும்போது ஃபேன் எந்த நொடியிலும் தானாகக் கிளம்பும். வேட்டி நுனி, துப்பட்டா, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு குனியுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த மாத்திரத்தில் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

முப்பந்தல் காற்று
டீச்சர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் மார்த்தாண்டத்தில் நெரிசலில் நிற்கிறவன் மல்டிமீட்டரையா தேடுவான்? தனி சுவிட்ச் இருந்தால் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கோணம் டீச்சர்
சுவிட்ச் வேண்டும் என்றால் வையுங்கள், ஆனால் ரிலேயும் பியூஸும் சேர்த்து வையுங்கள். ஃபேன் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கிறது, கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். அதை நேராக டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக விட்டால் முதலில் சுவிட்ச் உருகும், பிறகு வயர் புகையும். இந்த வண்டிக்கு அதனாலும் பயன் இல்லை. ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

களியக்காவிளை டாக்சி
நெரிசலில் முள் ஏறினால் டாக்சிக்காரர்கள் செய்வது: ஏ.சி.யை அணை, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரைக் கடைசி வரை திருகு, கண்ணாடிகளை இறக்கு. வேர்த்து ஊற்றும், ஆனால் எஞ்சினின் சூடு உங்கள் காலடி வழியாக வெளியே போகும். அப்படியும் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடித்தால் செலவு ஃபேன் விலையைப் போலப் பல மடங்கு.

குளச்சல்கரை
இரண்டு சோதனைகளையும் செய்துவிட்டேன்.

செய்தித்தாள் கிரில்லில் ஒட்டவில்லை. சற்று நடுங்கிவிட்டு வழுக்கி விழுந்தது. சாக்கெட்டைக் கழற்றிவிட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் ஃபேன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். அப்போது தாளைப் பிடித்தால் கிரில்லோடு ஒட்டி, கிழியும் அளவுக்கு இழுபட்டது. ஆக மோட்டார் நன்றாக இருக்கிறது, இல்லையா டீச்சர்?

ஆனால் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தால் முழு வோல்ட் வருகிறது, 13.8. வயரிலும் குறை இல்லை என்று ஆகிறதே!

தக்கலை பழைய பட்டறை
சாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே அளந்தீர்கள்? அதுதான் சங்கதி. மற்றதை டீச்சர் சொல்லட்டும், அவர் துறை.

கோணம் டீச்சர்
அண்ணாச்சி சரியாகப் பிடித்துவிட்டார். மாணவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். மல்டிமீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். வயரில் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும், எர்த் போல்ட்டில் துரு மூடி ஊசிமுனை அளவு தொட்டுக்கொண்டிருந்தாலும், மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். மோட்டார் பத்து ஆம்பியர் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மீட்டருக்குப் பதிலாக 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை சாக்கெட்டில் கொடுத்துப் பாருங்கள். அது நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். மங்கி எரிந்தால் பாதையில் எங்கோ தடை இருக்கிறது.

அதைவிட நல்ல வழி: சாக்கெட்டைப் பழையபடி செருகி, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அளப்பது. சாக்கெட்டின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து, கீழ்க்கண்ட இடங்களில் வோல்ட் பார்த்து எழுதுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே. பேட்டரி பிளஸ்ஸுக்கும் மோட்டார் பிளஸ்ஸுக்கும் நடுவே. மோட்டார் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே. கடைசி இரண்டும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எது அதிகமாகக் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் பழுது. மீட்டரின் கம்பிகளும் உங்கள் விரல்களும் இறக்கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

ரப்பர் மலை
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது பழைய டீசல் ஜீப். பேச்சிப்பாறைக்கு மேலே தோட்டச் சாலையில் இரண்டாவது கியரில் ஏறும்போது மட்டும் முள் ஏறுகிறது. இதில் மோட்டாரே இல்லை, ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. இதற்கும் இந்தச் சோதனைகள் பொருந்துமா?

தக்கலை பழைய பட்டறை
பொருந்தாது. உங்கள் ஃபேனுக்கு நடுவே உருண்டையாக ஒரு கப்ளிங் இருக்கும், உள்ளே சிலிக்கான் எண்ணெய். சூடான காற்று பட்டால் அது இறுகி ஃபேனை எஞ்சினோடு சேர்த்துச் சுற்றவைக்கும், குளிர்ந்தால் தளர்த்திவிடும். ஏற்றம் ஏறி எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, இறக்கையைக் கையால் சுழற்றுங்கள். தடுத்துத் தடுத்து உடனே நிற்க வேண்டும். பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் எண்ணெய் போய்விட்டது. கப்ளிங்கின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்கு முன் பெல்ட் வழுக்குகிறதா, ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூண்டை இடைஞ்சல் என்று கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காது, சுற்றியிருக்கிற சூடான காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும்.

குளச்சல்கரை
டீச்சர், அளந்துவிட்டேன். பேட்டரியில் 13.9. பிளஸ் பக்கம் 0.3. மைனஸ் பக்கம் 4.6. நம்பிக்கை இல்லாமல் திரும்பவும் வைத்துப் பார்த்தேன், அதேதான்.

கோணம் டீச்சர்
கூட்டிக் கழித்துப் பாருங்கள். 13.9-இல் 4.9 வழியிலேயே போய்விட்டது. மோட்டாருக்குக் கிடைப்பது 9 வோல்ட்தான். சுற்றும், ஆனால் இழுக்காது. எர்த் வயர் பாடியில் எங்கே போல்ட் போடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ பேட்டரித் தட்டுக்கு அடியிலோ இருக்கும். ஃபேன் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு அணைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். அந்த நாலரை வோல்ட்டும் அங்கேதான் சூடாக எரிந்துகொண்டிருக்கிறது, போல்ட் சுடும்.

குளச்சல்கரை
இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், பேட்டரித் தட்டின் ஓரத்தில் கிடைத்தது. டீச்சர் சொன்னபடி சுட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமான போல்ட்தான், யாருக்கும் சந்தேகம் வராது. கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கும் பாடித் தகட்டுக்கும் நடுவே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. வளையத்தை ஒட்டிய வயரின் மேலுறை பழுப்பேறி நொறுங்கியது. அதை விரலால் உரித்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்துப் போயிருந்தன. கறுத்த பகுதியைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, புதிய வளையம் அடித்து, தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே வாஸ்லின் தடவினேன்.

இப்போது மைனஸ் பக்கம் 0.1. ஃபேன் பழைய இரைச்சலோடு ஓடுகிறது. செய்தித்தாள் ஒட்டிக்கொள்கிறது. நேற்று மாலை வேண்டுமென்றே வடசேரி வழியாகப் போய் நெரிசலில் நின்றேன். முள் பாதியைத் தாண்டவில்லை, ஏ.சி.யும் குளிர்ந்தது. செலவு ஒரு வளையமும் ஒரு தாள் உப்புத்தாளும்.

தக்கலை பழைய பட்டறை
நல்லது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்து வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். உப்புக் காற்று முதலில் தின்பது எர்த்தைத்தான், பிறகுதான் சைலன்சர். மற்ற எர்த் போல்ட்டுகளையும், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் பட்டையையும் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். ஒன்று இப்படி இருந்தால் மற்றவை மட்டும் புதிதாக இருக்காது.

ஒர்க்‌ஷாப்காரர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். புதிய செட்டைப் போட்டு, இறுகப் பூட்டும்போது அந்த வயரும் சற்று அசைந்திருக்கும், சில மாதம் நன்றாக ஓடியிருக்கும். பிறகு புதிய மோட்டாரும் "தளர்ந்திருக்கும்".

முப்பந்தல் காற்று
எர்த் என்று நான் நினைக்கவே இல்லை. சரி, தெர்மோஸ்டாட் பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதையும் தப்பு என்று சொல்வீர்களோ?

களியக்காவிளை டாக்சி
வழியில் வேறு கதி இல்லாதபோது ஊற்றலாம். ஊர் வந்ததும் வடித்துவிட வேண்டும். கடலோரக் கிணறு என்றால் உப்பு, மற்ற இடத்தில் சுண்ணாம்பு. இரண்டும் உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் போடுகிறது. வண்டியின் கையேட்டில் சொன்ன ரகமா என்று பார்த்து வாங்குங்கள்.

தோவாளை வாசல்
எனக்கு நேர்மாறான தொல்லை. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது. முதலில் சில வேளைகளில் மட்டும், இப்போது நிற்பதே இல்லை. பூச்சந்தைக்கு விடியும் முன்பே போக வேண்டும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. இரவில் பேட்டரி முனையைக் கழற்றி வைக்கிறேன்.

கோணம் டீச்சர்
சூடான வண்டியை அணைத்த பிறகு சில நிமிடம் ஃபேன் ஓடி நிற்பது பல மாடல்களில் இயல்பு. நிற்காமல் ஓடுவது பழுது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் ரிலேயைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ரிலேக்கு உத்தரவு நிற்காமல் வந்துகொண்டிருக்கலாம். வேறு ரிலே செருகிப் பாருங்கள், தெரிந்துவிடும். பிடுங்கியும் நிற்காவிட்டால் வயர் எங்கோ உராய்ந்து நேராகப் பிளஸ்ஸைத் தொடுகிறது. உடனே எலக்ட்ரீசியனிடம் போங்கள்.

தோவாளை வாசல்
ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டேன், சாவியை எடுத்ததும் நின்றுவிட்டது. பழைய ரிலேயின் மூடியை நெம்பித் திறந்தால் இரண்டு முனைகளும் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. புதிது வாங்கிப் போட்டால் போதும்தானே?

கோணம் டீச்சர்
போடுங்கள். அதே ஆம்பியர் அளவுள்ளதாக வாங்குங்கள், விலை குறைவு என்று சிறியதை எடுக்க வேண்டாம். ஆனால் அது ஏன் ஒட்டியது என்பதையும் பாருங்கள். மோட்டார் இறுகிப்போய் அதிக மின்சாரம் இழுத்தால் புதிய ரிலேயும் அதே கதிக்கு ஆளாகும். சாவி கையில் இருக்கும்போது, ரிலேயைப் பிடுங்கி வைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றினால் உரசலோ ஆட்டமோ இல்லாமல் சுற்ற வேண்டும். உரசினால் ரிலேயோடு சேர்த்து மோட்டாரையும் மாற்ற வேண்டியதுதான். அங்கே செட்டாக மாற்றச் சொன்னால் நானும் மறுப்புச் சொல்ல மாட்டேன்.